வெளி லிங்குகளுக்குப் பூட்டுப் போட்ட டைரக்டரி

எங்கள் தளம் தேடுபொறியின் முதல் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கத்துக்குச் சரிந்திருந்த ஒரு திங்கட்கிழமை, மல்லேஸ்வரம் அலுவலகத்தில் நான் நுழைவதற்கு முன்பே இயக்குநர் ரமேஷ் என் மேசையருகே நின்றிருந்தார். எங்களுடையது ஒரு செய்தி டைரக்டரி. கர்நாடகத்தின் செய்தித் தளங்களை ஊர்வாரியாகத் தொகுத்து, வாசகரை அங்கே அனுப்பி வைப்பதே அதன் பணி.

"சின்னப் பேப்பருங்கதான் சார் நம்மள கீழ இழுக்குது. எல்லாத்தையும் தூக்கிடலாம். நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதி சைன் போட்டுக் குடுங்க, அஷ்டே, அவ்வளவுதான்."

மூத்த ஆய்வாளனான என் கையொப்பமின்றி எந்தத் தளமும் நீக்கப்பட்டதில்லை. ஆராயாத எதிலும் நான் கையொப்பமிட்டதும் இல்லை. அவகாசம் கேட்டேன்.

முதலில் இன்பவுண்ட் லிங்குகளை, அதாவது பிறர் தளங்களிலிருந்து எங்களுக்கு வரும் இணைப்புகளை எடுத்துப் பார்த்தேன். அவை குறைந்தால் தேடுபொறியில் தளத்தின் மதிப்பும் குறையும். எங்களுக்கு இணைப்புத் தரும் எங்கள் சின்னத்தைத் தம் முகப்பில் வைத்திருந்த சிறு பத்திரிகைகள் ஒவ்வொன்றாக அதை அகற்றியிருந்தன. மென்பொருள் இவ்வளவுதான் சொல்லும். காரணம் அறிய, ஆனேக்கலில் தனியொருவராகச் செய்தித் தளம் நடத்தும் முனிராஜுவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருடைய வாசகர்களில் பெரும்பாலோர் எங்கள் வழியாகவே வந்தவர்கள். நாங்கள் நீக்கிவிட்டால் அவர் தளத்தைத் தேடி வர ஆளிருக்காது.

"எங்கள் லிங்கை ஏன் எடுத்துவிட்டீர்கள்?" என்றேன்.

"நல்லா கேட்டீங்க சார்! எங்க லிங்குல நோஃபாலோ போட்டது யாரு? உங்க வாசல்ல எங்களுக்குப் பூட்டு, எங்க வாசல்ல உங்களுக்குத் தோரணமா?"

நோஃபாலோ என்பது, 'இந்த இணைப்பை எங்கள் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம்' என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி. அவுட்பவுண்ட் லிங்குகளால், அதாவது வெளியே செல்லும் இணைப்புகளால், தளத்தின் பலம் ஒழுகிப் போகிறது என்று ஓர் ஆலோசகர் சொல்ல, எனக்குத் தெரிவிக்காமலே ரமேஷ் அனைத்திலும் அதைப் போடச் செய்திருந்தார். எங்கள் தொழிலில் பரவலான அச்சம் இது. செருப்பு விற்கும் தளம் அப்படி அஞ்சலாம். வெளியே அனுப்புவதையே வேலையாகக் கொண்ட டைரக்டரி அஞ்சலாகாது.

குறி போட்ட வாரத்தையும் சின்னங்கள் மறைந்த வாரங்களையும் ரமேஷிடம் அருகருகே காட்டினேன்.

"நம்ம தப்புன்னு வெளியே சொல்லிக்க முடியுமா சார்? பேசாம சைன் பண்ணுங்க."

"என் பெயரில் அது போகாது. எடுக்க வேண்டியது அந்தக் குறியை. பத்திரிகைகளை இல்லை."

என் கையொப்பம் கிடைக்காதென்று கண்டதும் அவர் டெவலப்பரை அழைத்து, "அந்த நோஃபாலோவ எடுத்துடுப்பா" என்றார்.

சில நாட்களில் முனிராஜுவே அழைத்தார். "உங்க சின்னத்தப் போட்டுட்டேன் சார். ஆனா மேல இல்ல, கல்யாண மண்டப விளம்பரத்துக்குக் கீழ. கொஞ்ச நாள் அங்கயே இருங்க."

நியாயமான இடம் என்றேன்.

பழைய நிலைக்கு நாங்கள் முழுமையாகத் திரும்பவில்லை. இரண்டாம் பக்கம் வரை ஏறினோம். இப்போது தம் தளம் சரிந்துவிட்டதென்று ஆலோசனை கேட்டு யார் வந்தாலும், பிறர் அவர்களைக் கைவிட்டதை ஆராய்வதற்கு முன், அவர்கள் யாரைக் கைவிட்டார்கள் என்று பார்க்கிறேன். அந்தக் கேள்வியை எவரும் விரும்புவதில்லை. ஆயினும் என் அறிக்கையின் முதல் பக்கம் அதுதான்.