வடியாத மழை

குழாயில் காதை வைத்துக் கேட்டால் ராமாயிக்குத் தெரிந்துவிடும், தண்ணீர் எந்த வளைவில் முடங்கிக் கிடக்கிறதென்று. மலைமேல் குண்டூர் நாட்டில் அவள் ஊருக்குத் தண்ணீர் வருவது ஒரே ஒரு கருப்பு ஓஸ் குழாயில்தான். மேலே பாறையிடுக்கில் ஊற்று. அங்கிருந்து மிளகுத் தோட்டங்களையும் மரவள்ளிக் காட்டையும் தாண்டி, மோட்டார் எதுவும் இல்லாமல் சரிவிலேயே இறங்கி, ஊர் மேட்டிலிருக்கும் தொட்டிக்கு வந்து சேரும். முள்ளம்பன்றி கடித்தாலும், இலை அடைத்தாலும், உள்ளே காற்றுப் புகுந்து தண்ணீர் நின்றாலும் ஊர் ராமாயியைத்தான் தேடும். அவள் வீட்டுக்காரர் மாதேஸ்வரன் வருசத்தில் பாதி நாள் குடகுக் காப்பித் தோட்டத்தில் கிடப்பார். அவர் பார்த்துவந்த வேலை, அவர் அங்கே போன முதல் வருசமே இவள் கைக்கு வந்துவிட்டது. அதற்கு இப்போது ஒன்பது வருசம்.

படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் யார் முதுகுக்குப் பின்னாலாவது போய் நின்றுகொள்வாள். ஆனால் ஒரு விஷயத்தில் அவள் சொல் ஊரில் செல்லும். ஒரு கோடையில் ஊற்று நூலாக இளைத்தபோது வீடு வீடாகப் போய் ஒரே பேச்சைச் சொல்லிவிட்டு வந்தாள். ஓஸ் வாய் எங்கே திறந்து கிடந்தாலும், அது யாருடையதாக இருந்தாலும், கண்டவர் மடக்கிக் கட்டிவிட வேண்டும். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம், சின்னப் பிள்ளைகளுக்குக்கூடக் கையோடு ஒட்டிவிட்டது.

இந்தப் பங்குனியில் கோயில் நோம்பிக்கு ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு நாடகக்குழு மலையேறி வந்தது. குழுவை நடத்துபவர் தரணிதரன். ஐம்பது வயசு, வெடுக்கென்ற பேச்சு. ஏழு வருசம் பஞ்சத்தில் காய்ந்த ஊரில் கடைசியில் மழை கொட்டுவதுதான் கதை. மழைக்குள் அனுராதா என்ற நடிகையும் கூட நாலு பேரும் எட்டு நிமிசம் ஆட வேண்டும். அந்த எட்டு நிமிசத்துக்காகத்தான் ஜனம் உட்கார்ந்திருக்கும். போன வருசம் கீழ்நாட்டில் ஒரு ஊரில் மோட்டார் மக்கர் பண்ணி மழையே வரவில்லையாம். விசிலும் செருப்பும்தான் பறந்து வந்தனவாம். அதிலிருந்து மழை என்ற சொல்லை எடுத்தாலே தரணிதரனுக்கு முகம் இறுகிவிடும்.

ஊர்ப் பெண்கள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. குடிக்கிற தண்ணீரைக் கூத்துக்கு ஊற்றுவதா என்று கேட்டார்கள். காலையில் எல்லாக் குடமும் நிறைந்த பிறகு தொட்டியில் மிச்சமிருப்பது மட்டும்தான் மழைக்கு என்று ராமாயி சொன்ன பிறகே வாயை மூடினார்கள். ஏன் அப்படிப் பொறுப்பேற்றாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மழையை எப்படிச் செய்வார்கள் என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

செய்தது அவளேதான். குழுவினர் கொண்டுவந்த குழாயில் ஆணியால் துளை போட்டிருந்தார்கள். மேடையின் மேல் விட்டத்தில் கட்டித் திறந்தபோது தண்ணீர் கயிறு கயிறாக விழுந்தது.

“இது மழையாக்கா? எருமையக் கழுவுற மாதிரி இருக்குது” என்றாள் அனுராதா.

ராமாயி வேறு குழாய் எடுத்து, தையல் ஊசியை அடுப்பில் காய்ச்சி, விரல்கடை இடைவெளியில் துளைகள் போட்டாள். தொட்டியிலிருந்து வரும் ஓஸின் வால்வை முழுக்கத் திறக்காமல் அரைத் திருகில் வைத்தாள். இப்போது தண்ணீர் சொட்டுச் சொட்டாக உடைந்து விழுந்தது. மேடைப் பலகை முழுக்கத் தார்ப்பாய் விரித்து, நாலு பக்கமும் அடியில் மூங்கில் கொடுத்துக் கரை உயர்த்தி, விழுகிற தண்ணீர் மேடையின் பின்பக்கம் ஓடும்படி சாய்வு வைத்தாள். பின்பக்கத்தில் ஒரு துளை. அதிலிருந்து ஒரு தடித்த ஓஸ் இறங்கி, மேடைக்குப் பின்னால் இருந்த வாழைத் தோப்பில் தண்ணீரைக் கொட்டும். வழுக்காமலும், விழுகிற சத்தம் பேச்சை அமுக்காமலும் இருக்கத் தார்ப்பாய் மேல் தென்னைநார் மிதியடிகளைப் போட்டார்கள்.

மழையைக் கண்ணுக்குக் காட்டுவது தண்ணீர் இல்லை, வெளிச்சம் என்பதை லைட்டுக்காரன் யுவராஜ்தான் அவளுக்குக் காட்டினான். முன்னாலிருந்து விளக்கைப் போட்டான். மழை இருப்பதே தெரியவில்லை. அதை அணைத்துவிட்டு மழைக்குப் பின்னாலிருந்து போட்டான். ஒவ்வொரு சொட்டும் வெள்ளியாக நின்றது. ராமாயி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கண்ணைத் தாழ்த்தியபோதுதான் அதைப் பார்த்தாள். பின் விளக்குகளுக்குக் கரண்ட் தருகிற பிளக் போர்டு, மேடையின் பின்மூலையில், தார்ப்பாய்க் கரைக்கு ஒரு சாண் தள்ளிப் பலகை மேலேயே கிடந்தது. தண்ணீர் வந்து கூடுகிற பக்கமும் அதுதான்.

யுவராஜ் நின்ற இடத்துக்கு நடந்தாள். கிட்டே போய் மெதுவாகச் சொன்னாள். யுவராஜ் சிரித்தான். வயர் அதுக்கு மேல எட்டாது என்றான். அவள் நகராமல் நிற்கவே, ஒரு செங்கல்லைத் தேடி எடுத்து போர்டை அதன்மேல் தூக்கி வைத்தான்.

“போதுங்களாக்கா? தண்ணி உங்க பொறுப்பு, கரண்ட் எம் பொறுப்பு. ஆளுக்கு ஒரு பயம் போதும்.”

தண்ணீர் வடிகிறவரை ஆபத்தில்லை. அவளும் அதை ஒப்புக்கொண்டாள். வடியாவிட்டால் அஞ்சு பேரும் நிற்பது கரண்ட் பாய்ந்த குளத்தில். இதைச் சத்தமாகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வடிகால் ஓஸை மட்டும் மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பொழுது சாய்ந்ததும் நாடகம் தொடங்கியது. ராமாயி மேடையின் இடப்பக்கத் திரைக்குப் பின்னால் வால்வைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்த் திரைக்குப் பின்னால் தரணிதரன். யுவராஜ் ஜனத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கம், விளக்குகளைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியோடு இருந்தான். திறப்பதும் மூடுவதும் என் துண்டைப் பார்த்துத்தான், நடுவில் இடி விழுந்தாலும் வால்வில் கை படக் கூடாது என்று தரணிதரன் கறாராகச் சொல்லி வைத்திருந்தார்.

துண்டு ஆடியது. அவள் திருகினாள். குழாயில் காற்று சீறி அடங்கி, முதல் சொட்டுகள் விழுந்தன. பின் விளக்குகள் எரிந்தன. ஜனம் ஒரே மூச்சாக ஹோவென்றது. ஒருவர் தகரத்தை உலுக்கி இடி இடித்தார். அனுராதா முகத்தை மேலே தூக்கிக்கொண்டு மழைக்குள் வந்தாள்.

ராமாயி மழையைப் பார்க்கவில்லை. அவள் காது வாழைத் தோப்பில் இருந்தது. அங்கே தண்ணீர் கொட்டுகிற சத்தம் இடிச் சத்தத்துக்கு அடியில் மெல்லிசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மூச்சு விட்டாள்.

இரண்டு நிமிசம் ஆகியிருக்கும். சத்தம் நின்றது.

இடி அதிகமாகிவிட்டதோ என்று நினைத்தாள். தகரம் ஓய்ந்தபோது மறுபடி காதைக் கொடுத்தாள். ஒன்றுமில்லை. மேடையின் பின்கரையைப் பார்த்தாள். தார்ப்பாய்க்கு முட்டுக்கொடுத்த மூங்கிலுக்கு நாலு விரல் கீழே தண்ணீர் மினுங்கியது. அது அங்கே நிற்கவே கூடாது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று விரலானது.

எதிர்ப்பக்கம் தரணிதரனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். மூடவா என்று கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவர் உள்ளங்கையைக் காட்டி ‘பொறு’ என்றார். அவள் பின்மூலையைக் காட்டினாள். அவர் அதற்குள் பாட்டுக்காரர் பக்கம் திரும்பிவிட்டார். “அண்ணா” என்று கூப்பிட்டாள். அந்தச் சொல் அவள் காதுக்கே எட்டவில்லை.

மேடையில் தண்ணீர் கூடக்கூட ஆட்டம் களைகட்டியது. காலை வீசினால் அலை அலையாகத் தெறித்தது. பின் வெளிச்சத்தில் ஒவ்வொரு தெறிப்பும் கண்ணாடித் தூள்போல் பறந்தது. ஜனம் கைதட்டியது. கைதட்டல் கேட்டு அனுராதா இன்னும் ஓங்கி மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் தண்ணீர் பின்னால் ஓடி, மூங்கிலில் மோதி, திரும்பியது. ஒரு தடவை ஒரு கை அளவு தண்ணீர் கரையைத் தாண்டிப் பலகையில் விழுந்து, செங்கல்லின் அடியை நனைத்தது.

வால்வை மூடினால் எல்லாம் போச்சு. போன வருசத்து விசிலும் செருப்பும் இந்த வருசம் அவள் பேரில் வரும். தண்ணீரை வாங்கிக் கொடுத்தவளே கெடுத்தாள் என்று ஊர் பேசும். ஒருவேளை நார் அடைத்திருந்து தானாக விட்டுவிட்டால்? ஒருவேளை செங்கல் தாங்கிவிட்டால்? இந்த ‘ஒருவேளை’யெல்லாம் அவள் மனசில் ஓடி முடிவதற்குள் கை வால்வைத் திருக ஆரம்பித்துவிட்டது. வேகமாக மூடினால் மேட்டிலிருந்து இறங்குகிற தண்ணீர் ஓஸைப் பிய்த்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கால் திருகு, கால் திருகாக மூடினாள்.

மூடியும் மழை நிற்கவில்லை. குழாயில் தங்கிய தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அது இறங்கி முடியும்வரை தண்ணீர் ஏறத்தான் செய்யும். எதிர்ப்பக்கம் துண்டு வெறிபிடித்ததுபோல் ஆடியது. அவள் அதைப் பார்க்காமல் மேடையிலிருந்து குதித்துப் பின்னால் ஓடினாள்.

தோப்பில் இருட்டு கவிந்திருந்தது. கையால் துழாவி ஓஸைப் பிடித்தாள். பாம்பு இரை விழுங்கியதுபோல் உப்பிக் கிடந்தது. நுனியை இரண்டாக மடக்கி, வாழைநாரால் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. அவள் ஊர் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. கையில் கத்தியில்லை. குனிந்து நாரில் பல்லை வைத்தாள். ஈரநார் வழுக்கியது. மேடையில் தொம் தொம்மென்று மிதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. அந்தச் சத்தம் நின்றால் என்ன அர்த்தம் என்று நினைத்ததும் பல்லை இன்னும் ஆழமாக இறக்கினாள். நாலாவது கடியில் நார் அறுந்தது. தண்ணீர் அவள் மார்பில் அடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது.

மேலே மிதிச்சத்தம் கேட்டது. அடுத்ததும் கேட்டது.

பிறகு ஒரேயடியாக விளக்குகள் அணைந்தன. மழை நின்றதைக் கண்டு திட்ட ஓடிவந்த யுவராஜ், பின்பக்கம் ஏறியவன், டார்ச்சை அடித்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டானாம். செங்கல்லைச் சுற்றித் தண்ணீர் நின்றதாம். திரும்பி ஓடிப்போய் ஜெனரேட்டரையே நிறுத்தியிருக்கிறான்.

ஜனம் விசிலடித்தது. இருட்டுக்குள் தரணிதரன் கத்திக்கொண்டே வந்தார். யுவராஜ் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் டார்ச்சை அடித்துக் காட்டினான். செங்கல்லில் ஈரம் முக்கால்வாசி ஏறியிருந்தது. மேலே காய்ந்திருந்தது ஒரு விரல் அளவுதான். அவர் அதைப் பார்த்தார். அனுராதா அவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். தன் ஈரப் பாதங்களைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்து கால்களை மேலே தூக்கிக்கொண்டாள்.

வடிகாலை எவன் கட்டினான் என்று தரணிதரன் கேட்டார். அடிக்குரலில்தான் கேட்டார்.

செல்லமுத்து மாமா கையில் குடத்தோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எழுபது வயசு. நாடகத்துக்கு நடுவில் தோப்புப் பக்கம் மாட்டைப் பிடித்துக் கட்டப் போனவர். “நாந்தானுங்க சாமி. நல்ல தண்ணி மண்ணுல போச்சு, யாரோ மறந்துட்டாங்கன்னு மடக்கிக் கட்டிட்டு, பிடிக்கறதுக்குக் குடம் எடுத்தாரப் போனனுங்க.” சொல்லிவிட்டு எல்லோர் முகத்தையும் பார்த்தார். என்ன தப்பு என்று அவருக்கு விளங்கவில்லை. ராமாயி பாராட்டுவாள் என்று நினைத்திருப்பார்போல, அவளைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

தரணிதரன் வாயைத் திறந்தார். அஞ்சு உசுரு என்று ஆரம்பித்தார்.

“அவரை வையாதீங்கண்ணா” என்றாள் ராமாயி.

ஊரில் பாதிப் பேர் அவள் குரலை அன்றைக்குத்தான் கூட்டத்தில் கேட்டார்கள்.

“கட்டச் சொல்லிக் குடுத்தது நானுங்க. இன்னைக்குக் கட்டாதீங்கன்னு சொல்லாம உட்டதும் நானுங்க. ஊடு ஊடாப் போயிச் சொல்லியிருக்கோணும். கரண்ட் அங்க இருக்குதுன்னு முன்னாடியே பாத்தேன். பாத்துட்டு, உங்ககிட்ட வந்து சொல்ல வாய் வல்ல. அதுக்கு வேணும்னா என்னைய வையுங்க.”

தரணிதரன் அவளை வையவில்லை. யுவராஜ் பக்கம் திரும்பினார். அவன் தானாகவே போர்டைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, மேடையைவிட்டுத் தூரமாகக் கொண்டுபோய் வைத்தான். பின் விளக்குகள் இனி இல்லை. மறுபடி மழையைத் திறக்க யாருக்கும் துணிவில்லை. நார் மிதியடிகளை ஓரமாகத் தள்ளித் தார்ப்பாயைத் துடைத்துவிட்டு, ஜெனரேட்டரை மறுபடி ஓட்டி, முன் விளக்கில் மிச்ச நாடகத்தை முடித்தார்கள். மழை இல்லாமலே அனுராதா நனைந்த சேலையோடு நடுங்கிக்கொண்டு ஆடினாள். கொஞ்சம் பேர் எழுந்து போனார்கள். சிலர் கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். நடந்தது தெரிந்தவர்கள் மட்டும் கைதட்டினார்கள்.

ராமாயி அதைப் பார்க்கவில்லை. ஓஸ் நுனியைத் தோப்பில் தனியாக விட அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஈரமண்ணில் உட்கார்ந்திருந்தாள். தார்ப்பாயின் மூலைகளில் தங்கிய தண்ணீர் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவள் கை நடுங்க ஆரம்பித்தது.

செல்லமுத்து மாமா எதிரே வந்து குந்தினார். யாரோ அவருக்கு விவரம் சொல்லியிருக்க வேண்டும். குடத்தைப் பக்கத்தில் வைத்தார். பிறகு, “கண்ணு, நான் கட்டுனதுல...” என்று இழுத்தார்.

“ஒண்ணும் ஆகல மாமா” என்றாள் ராமாயி. “இந்த நுனியக் கொஞ்சம் பிடிங்க. எனக்குக் கை நிக்க மாட்டேங்குது.”

அவர் வாங்கிப் பிடித்துக்கொண்டார்.