பேபியின் சாப்பாட்டு டப்பா

வீட்டுக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று முடிவு கட்டியவர் தங்கவேல். பீரோவை நகர்த்தினார், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். எலியும் இல்லை, எலியின் வாலும் இல்லை. நாற்றம் மட்டும் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று மகள் யுவராணிக்குத் தெரியும். பிளஸ் ஒன் படிக்கிறவள், வேதியியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் புரட்டினாள்.

அவள் அம்மா பேபி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. துணி கம்பெனியில் தையல் வேலை. கம்பெனி வேன் சென்னீர்குப்பத்தில் ஹைவேயின் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். சிக்னல் வரை சுற்றிப் போனால் வேன் போய்விடும் என்பதால், நடுத்தடுப்பில் யாரோ உடைத்து வைத்த சந்து வழியாகத்தான் எல்லாப் பெண்களும் ஓடுவார்கள். அன்று காலை அப்படித் தாண்டிப் போன பேபி, மறுபடி இந்தப் பக்கம் திரும்பி வந்தபோது லாரி அடித்துவிட்டது. காதில் போன் வைத்திருந்தாள் என்று பூக்காரம்மா சொன்னாள். போன் தூள்தூளாகிவிட்டது.

அது போதாதா ஊருக்கு? யாரோடு பேசினாள், யார் கூப்பிட்டுத் திரும்பினாள் என்று தெருவே கிசுகிசுத்தது. நல்ல மனுஷர்தான் தங்கவேல், ஆனால் அவர் காதிலும் அது விழுந்து ஊறிவிட்டது. "ஸ்டேஷன்ல நம்பர் கேட்டுகினு கீறேன். எவன்னு மட்டும் தெரியட்டும், சும்மா உட மாட்டேன்" என்று குடித்தாலும் சொன்னார், குடிக்காவிட்டாலும் சொன்னார். யுவராணி தன் போனிலிருந்து அந்தக் காலை வந்த அழைப்புகளை அன்றைக்கே அழித்திருந்தாள்.

அவள் அழவும் இல்லை. துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு அழுகிற பிள்ளை வேண்டும், இல்லாவிட்டால் கதை வேண்டும். கல்நெஞ்சக்காரி என்றார்கள்.

முப்பதாம் நாள் படையலுக்கு அத்தை லோகநாயகி வந்தாள். வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள். "எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேபி இன்னும் ஊட்ட உட்டுப் போகல. அவ சாப்ட்ட டப்பாவுலயே சோறு வெச்சிப் படைக்கணும். டப்பா எங்க?"

"ரோட்டுல நசுங்கிருக்கும்" என்றார் தங்கவேல். சொன்னவர் அப்படியே நின்றார். போலீஸ் கொடுத்த பையில் சீப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் முழுசாக இருந்தன. "பையில டப்பா இல்லியே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "அப்போ வேலைக்குப் போகலியா, வேற எங்கியோ கெளம்பினாளா?"

யுவராணி எழுந்தாள். பயந்து பயந்து தான் மூடி வைத்தது, செத்துப்போன அம்மாவின் பெயரைத் தின்கிறது. அவள் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினாள். பழைய பள்ளிக்கூடப் பைக்குள், துப்பட்டாவில் சுற்றியிருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்துவந்து அம்மா படத்துக்கு முன்னால் வைத்தாள். நாற்றம் அறையெங்கும் எழுந்தது.

"அம்மா என்கிட்டதான் பேசுச்சு" என்றாள். "டப்பாவ மறந்துட்டேன், கொண்டாந்து குடுன்னுச்சு. தூக்கத்துல இருந்தேன். நீயே வந்து எடுத்துக்கன்னு கட் பண்ணிட்டேன். திரும்பவும் போன் அடிச்சிச்சு. நான் எடுக்கல."

தங்கவேல் அடிக்கவில்லை, திட்டவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் வெளியே போனார். "எங்கடா போற?" என்று அத்தை பின்னாலிருந்து கத்தினாள். தெரு முனையில் ஹைவே. அவர் எந்தப் பக்கமும் பார்க்காமல் இறங்கி நடந்தார். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. உடைந்த தடுப்பருகே போனவர் திரும்பி, இந்தப் பக்கம் வர மறுபடி காலை எடுத்து வைத்தார்.

பின்னாலேயே ஓடிவந்த யுவராணி ரோட்டோரத்தில் நின்று கதறினாள். அம்மா செத்த அன்று வராத அழுகை எல்லாம் இப்போது வந்தது.

"அங்கியே நில்லு நைனா. நீ வராத. நான் வரேன்."

அம்மாவிடம் அவள் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். தங்கவேல் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். டப்பாவை நெஞ்சோடு பிடித்தபடி அங்கேயே நின்றார். நடுவில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.