ஒட்டாமல் விட்ட பலகை

போன வாரம் பக்கத்து வீட்டுச் சீர் விசேஷத்துக்கு வந்த ஒலிபெருக்கிப் பெட்டிகளில் இரண்டை, இடமில்லை என்று என் வீட்டு வாசலில் இறக்கி வைத்தார்கள். ஆளுயரக் கறுப்புப் பெட்டிகள். வயசானவன் சும்மா இருக்கலாம் அல்லவா? கை அரித்தது. விரல் முட்டியால் பக்கப் பலகையைத் தட்டிப் பார்த்தேன். 'தொம்' என்று ஒரே சத்தம், எங்கேயும் ஆட்டமில்லை. முகர்ந்தும் பார்த்தேன். மர வாசனைக்குப் பதிலாக ஏதோ மருந்துக்கடை வாசனை. பாட்டு ஆரம்பித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தாத்தாவுக்குக் காது வலி என்று பேரன் நினைத்துக்கொண்டான். காது வலியாவது ஒன்றாவது! வெட்கம். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி செட் பாடினால் எனக்கு இன்றைக்கும் முகம் சுடும்.

வாசனை என்றதும் வச்சிரம் ஞாபகம் வருகிறது. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை அது. கட்டியாக விற்பார்கள், ஊறவைத்து, சுடுதண்ணீரில் சட்டியோடு வைத்து உருக்க வேண்டும். அந்த நாற்றம் இருக்கிறதே, அடேயப்பா! சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு அடுப்படியும் பட்டறையும் ஒன்றுதான். கல்யாணமான புதிதில் என் மனைவி பாவாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சோறு போடுவாள். "ஏனுங்க, சோத்துச் சட்டி எது, பசைச் சட்டி எதுன்னு ஒருக்காச் சொல்லீருங்க" என்பாள்.

யுத்த காலம் அது. பாட்டரி, இசைத்தட்டு யந்திரம், சத்தம் வருகிற பெட்டி எல்லாம் சேர்ந்ததை ரேடியோ செட் என்போம். கல்யாணத்துக்கு அது வந்துவிட்டால் அக்கம்பக்கத்து ஊரே வேடிக்கை பார்க்க வரும். நான் சேலத்தில் ஒரு செட்டுக்காரருக்குப் பழுது பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமனாருக்கு அது துளியும் பிடிக்கவில்லை. அவர் திருச்செங்கோட்டுப் பக்கம் பேர்போன கதவு ஆசாரி. நானும் கதவு வேலையில் கை பழகியவன்தான். ஆடிக்கு அழைத்துப்போன மகளை ஆடி கழிந்தும் அனுப்பவில்லை. "நெலை கதவு செய்யற கையி பொட்டி தட்டீட்டுத் திரியுது. அதும் ஒரு தொழிலான்னு பாத்துப்போட்டுத்தான் புள்ளைய அனுப்புவேன்" என்று ஆளிடம் சொல்லிவிட்டார்.

ஆவணியில் பாவாயியின் தங்கைக்குக் கல்யாணம். அதற்குச் செட் வைப்பது என் பொறுப்பு என்றேன். செட்டுக்காரரிடம் பெட்டி இல்லாத ஒரு ஸ்பீக்கர் கிடந்தது. அதற்கு நானே பெட்டி செய்தேன். தேக்குக்கு எங்கே போவது? வாகைப் பலகைதான். நாலு மூலைக்கும் சட்டம் நிறுத்தி, சட்டத்தில் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, இரண்டு பக்கமும் முதுகும் ஆகப் பலகைகளை அந்தக் காடிக்குள் செருகினேன். ஒட்டவில்லை. கதவு ஆசாரிகள் யாரும் காடிக்குள் பலகையை ஒட்ட மாட்டார்கள். மழைக்கு மரம் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், ஒட்டினால் வெடித்துவிடும். அவ்வளவு நாற்றம் பிடித்த வச்சிரத்தைச் சட்ட மூட்டுகளுக்கு மட்டும் தடவினேன். செட்டுக்காரர் வேறு ஊர்க் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் பாட வைத்துப் பார்க்கவும் வழியில்லை.

பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓடிய கரி பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மேட்டில் பஸ் நின்றுபோனால் எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். நான் மட்டும் பெட்டியோடு உட்கார்ந்திருந்து வசவு வாங்கினேன். மாமனார் அதைப் பந்தலில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நகத்தால் பலகையை நெம்பினார். மயிரிழையளவு அசைந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒட்டாம வுட்டிருக்கீங்க மாப்பிள்ளை. சுத்தமான வேலை" என்றார். அதோடு விடாமல் வந்திருந்த உறவுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க, பொட்டின்னாலும் நம்ம வேலை. நாளைக்கே புள்ளைய அனுப்பறேன்." அடுப்படி வாசலில் நின்ற பாவாயி சிரித்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு நான் நடந்த நடையில் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் வண்டியிலிருந்து இறங்கும்போது, விடியற்காலையில் வந்து சேர்ந்திருந்த செட்டுக்காரர் நாதஸ்வரத் தட்டைப் போட்டார். முதல் தவில் அடி விழுந்தது. கடகடகடவென்று என் பெட்டி நடுங்கியது. நாதஸ்வரமே கேட்கவில்லை, பலகைதான் கேட்டது. கூட்டம் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு வெடித்துச் சிரித்தது.

"ஏனுங்க சம்மந்தி, உள்ளுக்கு எலி கிலி போயிருச்சுங்களா?" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

செட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "யாரய்யா பலகைய ஒட்டாம வுட்டது? கதவுங்களா இது?"

என் மாமனார் கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். முந்தின நாள் அவர் கூப்பிட்டுக் காட்டிய அத்தனை பேரும் இப்போது பெட்டியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள். அவர் கண் தரைக்குப் போய்விட்டது. நான் ஓடிப்போய் முதுகுப் பலகையை அமுக்கினேன். பக்கங்கள் ஆடின. போச்சு, மானமும் போச்சு, பெண்டாட்டியும் போனாள் என்று நினைத்தேன்.

பாவாயி அடுப்படியிலிருந்து வந்தாள். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில், மாவு ஒட்டிய கையோடு இடது பலகையில் சாய்ந்து அழுத்திக்கொண்டாள். பாதிச் சத்தம் அடங்கியது. மாமனார் சந்தனக் கிண்ணத்தை யாரிடமோ கொடுத்தார். வாசலில் நின்று சம்பந்திகளை வரவேற்க வேண்டிய மனுஷர், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலது பலகையை இரண்டு கையாலும் பிடித்தார். தட்டு முடிகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஊர் பார்த்தது.

சாயங்காலம் நான் தனியாகத்தான் கிளம்பினேன். பாவாயியை அனுப்பும்படி கேட்க முகமில்லை. பாவாயியே டிரங்குப் பெட்டியோடு வெளியே வந்தாள். "அப்பா, நானும் போறேனுங்க. இவுருக்குப் பலகை புடிக்க ஆளு வேணும்" என்றாள். மாமனார் டிரங்குப் பெட்டியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தார்.

பஸ் வந்த பிறகு சொன்னார்: "ஒட்டிப்போடுங்க மாப்பிள்ளை. நாஞ் சொன்ன பேச்சு கதவுக்குத்தான் ஆகும்."

திட்டியிருந்தால் தேவலை. ஊர் சிரித்தபோதுகூட நான் அவ்வளவு கூசிப்போகவில்லை.

ஒட்டினேன். வச்சிரம் தடவி, திருகாணி போட்டு முறுக்கினேன். பெட்டி கணீரென்று பாடியது. அதற்கப்புறம் எத்தனையோ பெட்டிகள். மாமனார் ஒன்று பாடுவதையும் இருந்து கேட்டதில்லை. செட் கட்டிய கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு முன்னாலேயே எழுந்து போய்விடுவார். போகும்போது யாரையும் பார்க்க மாட்டார். பாவாயி என்னைப் பார்ப்பாள், நான் தரையைப் பார்ப்பேன்.

அவர் போய் வெகு காலமாகிறது. பாவாயியும் போய்விட்டாள். அந்தப் பந்தலில் சிரித்தவர்களிலும் இப்போது யாரும் இல்லை. வெட்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. கூட நின்று வெட்கப்பட ஆளில்லை.