சுற்றிப் போட்ட தீ

எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனை யாரோ வெளியூர்க்காரருடையது. மழைக்கு முளைத்த புல் மாசியில் காய்ந்து நிற்கும். போகிறவன் வீசும் பீடித்துண்டு போதும். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படிப் பிடித்த தீ சுவரேறி, மொட்டை மாடியில் வெயிலுக்கு வேய்ந்திருந்த தென்னங்கிடுகின் ஓரத்தைக் கருக்கியது. கீழே எங்கள் விசைத்தறிகள், பாவும் நூலுமாக. எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. தெருவே தண்ணீரோடு ஓடி வந்ததால் தப்பினோம்.

போன வருஷம் நானே இறங்கினேன்.

“ஊரே இப்படித்தான இருக்கு, ஒனக்கு மட்டும் என்ன பயம்?” என்றார் கணவர், சாய்ந்து உட்கார்ந்தபடி.

கிடுகைப் பிரித்தேன். சுவரில் அடுக்கியிருந்த விறகை அப்புறப்படுத்தினேன். தறிக்கூடத்தின் காற்றுத் துளைகளுக்கு நெருக்கமான கம்பிவலை அடிக்கச் சொன்னேன். சுவரோரம் மாட்டுவண்டி போகிற அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கினேன். கடைசியாகச் சன்னலில் படர்ந்திருந்த பிச்சிக்கொடி. அடியெல்லாம் சருகு. கல்யாணமாகி வந்த புதிதில் நான் வைத்தது. வெட்டும்போது அழுகை வந்தது. ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

பங்குனியில் கோமதியம்மனைக் கும்பிட வந்த மதினி, கணவரின் அக்கா, எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள்.

“தறி நல்லா ஓடுதுல்லா, ஊர்க்கண்ணு. அதான் தீ வந்துச்சு. புல்லச் செதுக்குனா கண்ணு போயிருமா ஏட்டி?”

சாயங்காலம் மிளகாய், உப்பு, தெருமண், பழைய விளக்குமாறு எல்லாவற்றையும் வீட்டுக்குச் சுற்றினாள். காலி மனையின் எதிர் ஓரத்தில், புல்லுக்குப் பக்கத்திலேயே போட்டுச் சூடம் கொளுத்தினாள். சுற்றிப் போட்டதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்காமல் வந்து கால் கழுவினாள். எட்டிப் பார்க்கப் போன என்னையும் இழுத்து உட்கார வைத்தாள்.

“பாரு, மெளகா நெடியே வரல. எம்புட்டுக் கண்ணு!”

நெடி வரவில்லை, புகை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் மனை முழுக்கத் தீ, எங்கள் பக்கமாகக் காற்று. காற்றுத் துளைகள் மேல் தெறித்த பொறிகள் கம்பிவலையில் பட்டு உதிர்ந்தன. தீ நான் செதுக்கிய மண் வரைக்கும் வந்தது. தின்ன ஒன்றுமில்லாமல் அங்கேயே படுத்துவிட்டது.

கணவர் கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார், மதினியைப் பார்த்து.

“நல்லவேளை, நீ சுத்திப் போட்டக்கா. இல்லைன்னா இன்னைக்குத் தறி போயிருக்கும்.”

“தீய வச்சதே அவங்கதான்” என்றேன்.

“கண்ணு கழியும்போது அப்படித்தான் பத்தும்” என்றாள் மதினி. அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

சித்திரை வெயில் தாங்கவில்லையென்று ஆள் வைத்துப் புதுக் கிடுகு வேய்ந்தார். கண் கழிந்துவிட்டதாம், இனி பயமில்லையாம். விறகும் சுவருக்கே திரும்பி வந்துவிட்டது.

“நீயும் புதுசா ஒரு பிச்சி வாங்கி வச்சுக்கோ” என்றார், பெரிய மனது பண்ணி.

நான் வைக்கவில்லை. மறுபடி மாசி வந்துவிட்டது, புல் இடுப்புயரத்துக்குக் காய்ந்து நிற்கிறது. அவர் அக்காவுக்குப் போன் போட்டு, என்றைக்கு வருகிறாள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.