அலுமாரிக் குழாயில் அணில் கூடு

சென்ற செவ்வாய்க்கிழமை நான் எங்கள் வீட்டுக் கூரையில் ஏறினேன். மானிப்பாய் வாசகர்களில் பாதிப் பேருக்கு இது பழைய செய்தி. சங்கானைச் சந்தை வரைக்கும் போய்விட்டதாம்! ஆனால் எதற்காக ஏறினேன் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்காவிட்டால் என்ன... நானே சொல்கிறேன்.

என் கணவர் மலாயாவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து பென்சனில் வந்தவர். அங்கே ஒரு துரை வீட்டில் பார்த்த மாதிரி, துணி உலர்த்தும் அலுமாரி ஒன்றைப் புரட்டாசியில் தகரத்தால் செய்வித்தார். அடியில் கரி நெருப்புக்கு ஒரு தட்டு. மேலே துணி தொங்கவிடக் கம்பிகள். புகை போக ஒரு குழாய், ஓட்டுக் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு.

மகள் பூமணி முதற் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்; பிள்ளையும் பிறந்துவிட்டது. கார்த்திகை மழையில் பச்சைக் குழந்தையின் துணி எங்கே காயும்? குசினி அடுப்புக்கு மேலே போட்டால் புகை மணம். அதனால் அலுமாரிக்கு நெருப்பு மூட்டினோம். அறை சூடாகவும் இருக்கட்டுமென்று, அதைப் பூமணியின் அறையிலேயே வைத்திருந்தோம்.

செவ்வாய் காலை கஞ்சியோடு போனேன். மழைக்காகக் கதவும் யன்னலும் சாத்தியிருந்தன. பூமணி கண் திறக்கவே சிரமப்பட்டாள்.

"தலை இடிக்குதம்மா... சத்தியெடுக்க வாற மாதிரிக் கிடக்கு."

பக்கத்தில் கிடந்த குழந்தையைத் தொட்டேன். துவண்டிருந்தது. கன்னத்தைத் தட்டினேன். விழிக்கவில்லை.

வாரியெடுத்துக்கொண்டு விறாந்தைக்கு ஓடினேன்.

"என்னப்பா இது! சாரல் அடிக்குது, பிள்ளைக்குக் குளிரப்போகுது. உள்ளுக்கை கொண்டுபோம்!" என்றார் கணவர்.

"உள்ளுக்கைதான் ஆபத்து! யன்னலைத் திறந்துபோட்டுப் பூமணியைத் தூக்கிக்கொண்டு வாங்கோ!"

இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. அவர் ஓடினார். நான் குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றேன். மூச்சு வருகிறதா, இல்லையா? சாரல் முகத்தில் பட்டது... வாய் கோணியது... பிறகு வீறிட்டதே ஒரு அழுகை!

வந்து பார்த்த டாக்டர், கரி நெருப்பின் நச்சுக்காற்று அறைக்குள் தங்கிவிட்டது என்றார். "இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால்..." என்று தொடங்கி, பூமணியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நெருப்பை வெளியே கொட்டி, தட்டை இழுத்துப் பார்த்தேன். அதன் கீழே துணிகளிலிருந்து உதிர்ந்த பஞ்சுத் தூசி, மெத்தை மாதிரி. ஒரு ஓரம் கருகியும் இருந்தது. குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். வெளிச்சமே இல்லை; மேலே எங்கேயோ அடைத்திருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லையா அண்ணை வேலிக்கு மேலால் தீர்ப்புச் சொன்னார்: "உந்தச் சனியனைத் தூக்கி எறியுங்கோ!"

ஏன் எறிய வேண்டும்? அடுப்புத் தீயால் எத்தனை கொட்டில்கள் எரிந்திருக்கின்றன — யாராவது சமைப்பதை நிறுத்தினார்களா?

கணவருக்கு முழங்கால் வாதம். மழை விட்டபின் கூரையில் ஏற ஆள் பிடிக்கலாம் என்றார். மழை விட்டது, ஆள் கிடைக்கவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியைச் சாத்தினேன்.

"தங்கச்சி, பொம்பிளையள் கூரையிலை ஏறுறதோ? ஒழுங்கையாலை போற சனமெல்லாம் பாக்குது!"

"பாக்கட்டும் அண்ணை. என்ரை பேரப்பிள்ளை மூச்சில்லாமல் கிடக்கேக்கை ஒரு சனமும் பாக்கேல்லை."

செல்லையா அண்ணையின் மனைவி அன்னம்மா அக்கா அவரைத் தள்ளிவிட்டுப் படலைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். ஒழுங்கையில் நின்ற இரண்டு பேர் மெல்ல நடையைக் கட்டினார்கள்.

ஓடு வழுக்கியது. பயம் இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். தவழ்ந்துபோய்க் குழாயின் மழைமூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு அணில் கூடு! புரட்டாசிக்கும் கார்த்திகைக்கும் இடையில், நெருப்பில்லாத குழாயில் வசதியாகக் கட்டிவிட்டு, சூடு கண்டதும் ஓடிப்போயிருக்கிறது. நல்லவேளை, குஞ்சுகள் இல்லை. கூட்டின் தும்பில் பஞ்சுத் தூசி நாளுக்கு நாள் வந்து சிக்கி, களிமண் அப்பினதுபோல் அடைத்திருந்தது. கம்பியால் குத்தி எடுத்தேன். கீழே அறையிலிருந்து கணவரின் குரல் குழாய் வழியாகவே வந்தது: "வெளிச்சம் தெரியுதப்பா!"

இப்போது அலுமாரி குழாயோடு பின் விறாந்தையில் நிற்கிறது. படுக்கிற அறைக்குள் இனிக் கரி நெருப்பு இல்லை. குழாய் வாயில் கம்பிவலை. நெருப்புப் போடுமுன் தூசி தட்டுவது என் வேலை. நெருப்பு அணையும்வரை பக்கத்தில் கதிரை போட்டுக் காவலிருப்பது அவர் வேலை.

நேற்று கணவரின் தமையனார் வந்தார். "குடும்ப மானம் போச்சுது" என்றார். கணவர் பேப்பரிலிருந்து தலை நிமிராமலே, "அண்ணை, உங்கடை வீட்டுப் புகைக்கூண்டு கடைசியா எப்ப துப்புரவாக்கினது?" என்று கேட்டார். தமையனார் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மாரி முடியும்வரை குழாய் துப்புரவாக்க மாதம் ஒரு முறை கூரையில் ஏறத்தான் போகிறேன். அதனால் மானம் போகுமென்றால்... புகையோடு சேர்ந்து போகட்டும்!