ஆனி மாதத்து அருவி

பாடப் புத்தகங்களில் நான் எத்தனையோ அருவிகளைப் படித்திருந்தேன். அவை வெண்துகில் போல அசைந்தன. முழவு போல ஒலித்தன. தேர்வுக்காக அந்த உவமைகளை மனப்பாடமும் செய்திருந்தேன். ஆனால் ஓர் அருவியும் என்னை நனைத்ததில்லை. பழங்காநத்தத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர் நிற்கும் பொருளாகவே பழக்கம். கண்மாயில் நிற்கும், வயலில் நிற்கும், அண்டாவில் நிற்கும். அது உயரத்திலிருந்து தன்னை வீசி எறியும் என்பதை நான் செய்யுளுக்குரிய மிகை என்றே எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியவள் என் அண்ணன் மனைவி. மதினி தென்காசிப் பக்கத்துப் பெண். என்னைவிட ஒரு வயதே மூத்தவள். வைகாசியில் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் பிறந்த வீட்டின் கொல்லையிலிருந்து பார்த்தால் மலையில் அருவி ஒரு கோடாகத் தெரியுமாம். அதன் ஓசை கேட்காமல் அவள் ஒருநாளும் கண்விழித்ததில்லையாம்.

வந்த புதிதில், அடுப்படி வேலை முடிந்ததும் கிணற்றடியில் போய் நின்றுகொள்வாள். தலையைச் சற்றே சாய்த்து எதையோ கேட்க முயல்பவள் போல இருக்கும்.

"என்ன மதினி, தலை வலிக்குதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்ல பிள்ள. இங்க ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு. காதுல பஞ்சு வச்ச மாதிரி இருக்கு."

நான் வியந்தேன். மாட்டுவண்டிகளும், மில்லின் சங்கும், தெற்கே போகும் ரயிலும் ஓயாத ஊர் எங்களுடையது. அவற்றையெல்லாம் தாண்டி அவள் ஒரு மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனி பிறந்த வாரம், அண்ணனுக்குச் சோறு பரிமாறிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஆடிக்கு எங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாகல்லா? போனவ அங்கயே இருந்துட்டா கோவிச்சுக்கிடுவியளா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது வேடிக்கைப் பேச்சன்று என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது. அண்ணனின் கை சோற்றிலேயே நின்றது. பிறகு, யாரோ ஊரைப் பழித்துவிட்டது போல, "இங்க அருவி இல்லண்டு ஒனக்கு யாரு சொன்னா? காட்டுறேன் பாரு" என்றார்.

அண்ணன் ஒரு பஞ்சாலையில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மட்டுமே அவருடையது. ஆடி பிறப்பதற்குள் எஞ்சியிருந்த ஞாயிறுகளை மதினிக்கென்றே ஒதுக்கினார். கல்யாணமாகி ஓராண்டு நிறையாத தம்பதிகள் தனியே வெளியூர் போவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கூட ஒருவர் போயாக வேண்டும். அந்த ஒருவர் நானானேன். இருவருக்கும் நடுவே புளியோதரைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, எதையும் கவனிக்காதவள் போல எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருப்பது என் பணி.

முதலில் அழகர்மலைக்குப் போனோம். மரநிழல் மூடிய பாதையில் குரங்குகள் வழிமறிக்க, சிலம்பாற்றுக்கு ஏறினோம். பாறைக்குள்ளிருந்து கசிந்து வரும் அந்த நீரை ஒருவர் வாளியில் மொண்டு, வருகிறவர் தலையில் ஊற்றினார். மதினி கண்ணை மூடிக் கைகூப்பி ஏற்றுக்கொண்டாள். உதட்டில் வழிந்ததைச் சுவைத்து, "இனிக்கி" என்றாள். அண்ணன் என்னைப் பெருமையோடு பார்த்தார்.

இறங்கும் வழியில் மதினி என் காதோடு சொன்னாள்: "தீர்த்தம் நல்லாருக்கு, கும்பிட்டுக்கிட்டேன். ஆனா வாளில ஊத்துறத அருவிங்காகளே பிள்ள, உங்க அண்ணன். அவுகளுக்காகச் சிரிப்ப அடக்கிட்டு வந்தேன்."

அண்ணன் காதில் அது விழுந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு விடியுமுன்பே எங்களை எழுப்பி வாடிப்பட்டி பஸ்ஸில் ஏற்றினார். யுத்தத்தால் பெட்ரோல் அற்றுப்போய், பஸ்கள் கரிவாயுவில் ஓடிய காலம். பஸ்ஸின் பின்புறம் ஆளுயரக் கரி உலை ஒன்று நின்றது. கண்டக்டர் அதன் கைப்பிடியைச் சுழற்றி ஊதி ஊதி, வண்டியைச் சமைப்பது போலக் கிளப்பினார். வாடிப்பட்டியில் ஒரு மாட்டுவண்டி பிடித்து, சிறுமலையின் அடிவாரத்துக் குட்லாடம்பட்டிக்குப் போகச் சொன்னார் அண்ணன்.

"அங்கிட்டு யாரு வீட்டுக்குண்ணே?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"அருவி பாக்க."

வண்டிக்காரர் திரும்பி எங்கள் மூவரையும் பார்த்தார். வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டு மாட்டைத் தட்டினார். அடிவாரத்தில் நாங்கள் இறங்கிய பிறகு அவரால் பொறுக்க முடியவில்லை. "ஆனி மாசத்துல அருவி பாக்க வந்தது நீங்கதாண்ணே மொத ஆளு. போங்க, போங்க. பாறை நல்லா இருக்கும்."

ஓடைக்கரையோடு ஏறும் பாதை அது. ஒரு மைல்கூட இராது. ஓடையில் கூழாங்கற்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகின. எதிரே உயர்ந்த பாறை நின்றது. உச்சியிலிருந்து அடிவரை ஒரு கறுத்த தடம். அவ்வளவுதான். ஒரு சொட்டுக்கூட இல்லை.

எங்கள் பிழை அப்போதுதான் எனக்கு விளங்கியது. மதினி வீட்டில் ஆனியும் ஆடியும் சாரல் காலம் என்று கல்யாணப் பேச்சின் போதே கேட்டிருந்தோம். ஆகவே அருவிகளுக்கெல்லாம் அதுவே பருவம் என்று அண்ணன் கொண்டுவிட்டார், நானும் மறுக்கவில்லை. எங்களுக்கு மழை ஐப்பசியில்தான் வரும் என்பது தெரியாதவர்களல்லர் நாங்கள். அந்த மழையை நம்பி நாற்றுப் பாவும் குடும்பம். ஆனால் மழையையும் அருவியையும் சேர்த்து நினைக்க, அருவி இல்லாத ஊர்க்காரர்களுக்குத் தோன்றவில்லை. திருவிழாவுக்கு மாதம் உண்டு என்பது போல அருவிக்கும் ஒரு மாதம் உண்டு, அது எங்கும் ஒன்றே என்று எண்ணிவிட்டோம்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டுக்குப் பின்னால் இருப்பதே அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

மதினி மட்டும் பாறையை நோக்கி நடந்தாள். கறுத்த தடத்தில் உள்ளங்கையை வைத்தாள். உலர்ந்த பாசியை நகத்தால் சுரண்டினாள். அடியில் குழிந்திருந்த பள்ளத்தைக் காலால் அளந்தாள்.

"பெரிய அருவிதான்," என்றாள். "இந்தா, இங்க வந்து நில்லுங்க ரெண்டு பேரும். எண்ணெய் தேச்சுக்கிட்டு வந்திருக்கோம்னு வச்சுக்கிடுங்க. நேர உச்சந்தலையக் குடுக்கக் கூடாது. பக்கவாட்டுல வரணும். மொதல்ல தோளு. அப்பறம் முதுகு. தண்ணி நம்மளத் தெரிஞ்சுக்கிடணும். கடைசியிலதான் தலை."

"தண்ணியே இல்லையே மதினி."

"பேசாத. பேசுனா வாயில போயிரும்."

அண்ணன் முதலில் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பாறையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார், தோளைக் கொடுத்தார். நானும் அவருக்கு அடுத்தாற்போல் நின்றேன். பாறை குளிர்ந்திருந்தது. மதினி எங்கள் இருவருக்கும் பின்னால் நின்று, தண்ணீர் எப்படி விழும் என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் அடிப்பது போல இருக்கும், பிறகு யாரோ கை வைத்து அமுக்குவது போல, அதற்கும் பிறகு நம் உடம்பே நமக்குத் தெரியாது என்றாள். குனிந்து கண்ணை மூடியிருந்தேன். இலைகளினூடே காற்று வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது என் தலைமுடி நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

மதினி பாறையில் முகத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள்.

"ஏங்க," என்றாள் அண்ணனைப் பார்க்காமலே. "ஆடிக்குப் போனா நான் வருவேனான்னு எனக்கே தெரியல. நீங்க கெட்டவுக இல்ல. அதான் சொல்லிட்டுப் போறேன்."

அண்ணன் அவள் செருப்பை எடுத்து வந்து அவள் காலருகே வைத்தார்.

ஆடிக்கு அவள் தந்தை வந்து அழைத்துப் போனார். ஆவணியில் திரும்பவில்லை. சாரல் நன்றாயிருக்கிறது, பிள்ளை இன்னும் சில நாள் இருக்கட்டும் என்று செய்தி வந்தது. புரட்டாசியிலும் அதுவே. அம்மா பாத்திரங்களை வழக்கத்தைவிட ஓசையோடு கழுவினாள். அண்ணனின் மில் சிநேகிதர் ஒருவர் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று, "என்ன மாப்ள, ஒம் பொண்டாட்டி தண்ணியோட போயிட்டாளாமுல்ல?" என்று கேட்டார். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். உள்ளே வந்து வெகுநேரம் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

ஐப்பசியில் தலைதீபாவளிக்கு முறைப்படி மாமனார் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பும்போது மதினி கூட வந்தாள். ஆனால் அவள் பெட்டியின் கயிறு அவிழ்க்கப்படாமல் அறை மூலையில் அப்படியே இருந்தது. என்னிடம் மட்டும் சொன்னாள்: "ஒரு தரம் வந்து பாருன்னாக. பாக்க வந்திருக்கேன் பிள்ள. அவ்வளவுதான்."

கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. அது ஓய்ந்த மறுநாள் ஞாயிறு. அதே பஸ், அதே வாடிப்பட்டி; வண்டிக்காரர் மட்டும் வேறொருவர். அவர் எதுவும் கேட்கவில்லை. ஊரில் பாதிப் பேர் அன்று அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள்.

பாதி வழியிலேயே அந்த ஓசை வந்துவிட்டது. மதினி நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். படித்த உவமை ஒன்றும் நினைவில் எழவில்லை. திருப்பத்தில் மரங்கள் விலகியபோது, ஆனியில் நாங்கள் கண்ட கறுத்த தடம் முழுவதும் வெள்ளையாக இருந்தது. பாறையே உருகி இறங்குவது போலவும் இறங்காமல் அங்கேயே தொங்குவது போலவும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் மலைதான் மேலே போகிறதோ என்று தலை சுழன்றது.

ஆண்கள் குளித்துக் கரையேறியதும், பெண்களோடு நாங்களும் இறங்கினோம். மதினி சொல்லிக்கொடுத்த முறையிலேயே, பாறையைப் பிடித்தபடி பக்கவாட்டில் நகர்ந்து தோளைக் கொடுத்தேன். தோளில் ஒன்றும் விழவில்லை. மதினியும் அதே இடத்தில் குனிந்து காத்திருந்தாள். தண்ணீர் எங்களுக்கு முன்னால், ஒரு முழம் தள்ளி விழுந்துகொண்டிருந்தது. பாறையின் இடுப்பில் துருத்திய ஒரு விளிம்பில் மோதி, அது வெளியே குதித்தது. நாங்கள் இருவரும் அருவிக்குப் பின்னால் உலர்ந்தபடியே நின்றோம்.

மதினி நிமிர்ந்தாள். "ஐயையே! இது வேற மாதிரில்லா விழுது!" என்று கத்தினாள். சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. "எங்க ஊரு அருவின்னே நெனச்சுட்டேன் பிள்ள, இதையும்!"

அவள் என் கையைப் பிடித்து அந்த வெள்ளைக்குள் இழுத்தாள். அதன்பின் எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. அவள் சொன்னது சரி. முதலில் அடித்தது, பிறகு அமுக்கியது, பிறகு நான் அங்கே இல்லை. எங்கோ வெகுதூரத்தில் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அது மதினியா நானா என்று பிரித்தறிய முடியவில்லை.

திரும்பும்போது சமயநல்லூருக்குச் சற்று முன்னே பஸ் மூச்சு வாங்கி நின்றது. கண்டக்டர் இறங்கி உலையைக் கிளறத் தொடங்கினார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஈரப் புடவையோடு கண்ணயர்ந்திருந்த மதினி சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"தண்ணி விழுத சத்தம்."

"கண்மாய் பெருகி மறுகால் போகுது மதினி. எங்க பக்கம் நல்ல மழை பேஞ்சா எல்லாக் கண்மாயும் இப்படித்தான்."

அவள் இறங்கிவிட்டாள். நாங்களும் பின்னால் போனோம். கரையின் ஓரத்தில், உபரி நீர் வழியக் கல்லால் கட்டிய கலிங்கின் மேல் தண்ணீர் வழுவழுவென்று வளைந்து விழுந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. அப்பால் வயல்கள் முழுவதும் வானத்தின் நிறத்தில் பரவிக் கிடந்தன. எது நீர், எது ஆகாயம் என்று எல்லை தெரியவில்லை. மதினி கொசுவத்தைத் தூக்கிச் செருகி, அந்தச் சிறு வீழ்ச்சியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"மலையில இம்புட்டு நேரம் நனைஞ்சது போதாதா?" என்றார் அண்ணன்.

அவள் கால் விரல்களைப் பிரித்து, அவற்றினிடையே நீர் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏங்க," என்றாள். "தலைப்பொங்கலுக்கு எங்க அப்பா சீர் கொண்டாரணும்லா. வெங்கலப் பானை, கரும்புக் கட்டு, அரிசி மூட்டை எல்லாம் இருக்கும். ஸ்டேஷன்ல இருந்து நம்ம வீட்டுக்கு எதுல ஏத்துறது? இந்த மாதிரி பஸ்ஸு ஏத்துமான்னு அந்தக் கண்டக்டர்ட்ட கேளுங்க."

சீர், பெண் வாழும் வீட்டுக்குத்தான் வரும். பிறந்த வீட்டில் தங்கிவிட்டவளுக்கு யாரும் பொங்கல் பானை சுமந்து வருவதில்லை. அண்ணன் அவளை ஒரு கணம் பார்த்தார். உடனே திரும்பி, வரப்பில் வழுக்கி, சமாளித்து, ஏறக்குறைய ஓடியே பஸ்ஸை அடைந்தார்.

"அண்ணே, பொங்கலுக்கு வெங்கலப் பானை ஏத்துவீகளா?"

கண்டக்டர் கரி படிந்த முகத்தை நிமிர்த்தினார். "பானையா? தாராளமா ஏத்தலாம். பஸ்ஸு நின்னா பானையும் எறங்கித் தள்ளணும், அம்புட்டுத்தேன்."

அண்ணன் உரக்கச் சிரித்தார். எங்களை வரும்படி கையசைத்தார். மதினி அதைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கல்லைத் தட்டினாள்.