தண்டவாளம் நுழைந்த குடோன்

ரயிலே இல்லாத ஊரில் தண்டவாளத்தில் தடுக்கி விழுந்தவள் நான். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து, மத்திய அந்தமானின் அந்தச் சின்ன ஜெட்டியில் இறங்கிய முதல் நாளே முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். அழைத்துப்போக வந்திருந்த பெரியப்பா, "பாத்து வாத்தா, ட்ராலி லைன் கெடக்கு" என்று நான் விழுந்து எழுந்த பிறகு சொன்னார். அவருடைய எச்சரிக்கைகள் எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ராமநாதபுரத்துக்காரர். அந்த ஊர் அரிசி குடோனுக்கு அவர்தான் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் குடோன் பாபு.

என்னைத் தடுக்கிவிட்ட அந்தத் தண்டவாளம் ஜெட்டியில் தொடங்கி, குடோனின் கடல் பக்கக் கதவு வழியாக உள்ளே நுழைந்து, மறுபக்கக் கதவு வழியாக வெளியேறி, மர மில் வரைக்கும் போனது. அறுத்த மரம் மழையில் நனையாமல் கப்பலுக்குப் போக வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கட்டடம் அது. படாக் என்னும் சிவந்த காட்டு மரத்தில் தூண்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பாறைக்கல், மேலே தகரக் கூரை. ஜன்னல் கிடையாது. கூரைக்குக் கீழே சாய்ந்த பலகைகள் பொருத்திய காற்றுவழிகள் மட்டும் இருந்தன. உள்ளே இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் பலகைத் தளம், நடுவே பள்ளம், பள்ளத்தில் தண்டவாளம். ட்ராலியின் மேல்பலகையும் தளமும் ஒரே மட்டத்தில் இருந்ததால் மூட்டையைத் தூக்க வேண்டாம், புரட்டினால் போதும். கட்டியவன் நிச்சயம் முதுகுவலிக்காரனாக இருந்திருப்பான் என்பார் பெரியப்பா.

குடியேறியவர்கள் பெருகியதும் மரம் போய் அரிசி வந்தது. கட்டடம் மாறவில்லை. கதவைத் திறந்து வருகிறவர் பள்ளத்தில்தான் நிற்க முடியும். இருபுறமும் மூட்டைகள் தலைக்கு மேல் சுவராக எழும்பும். முதல் வரிசைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது கண்ணில் படாது. பெரியப்பாவின் தலையில் அந்த விபரீத யோசனை உதித்ததற்குக் கட்டடத்தின் இந்த அமைப்பும் ஒரு காரணம்.

அந்த வருடம் மழையோடு புயலும் சேர்ந்துகொண்டு கப்பல் வரவில்லை. கிழிந்த சாக்குகளைத் தைப்பது அங்கே என் வேலை. தைக்கச் சாக்கு குவிந்துகொண்டே போக, அரிசி குறைந்துகொண்டே வந்தது. மில் கூலிகளில் தமிழர், தெலுங்கர், மலையாளி எல்லோரும் இருந்தார்கள். ஓடைக்கு அக்கரையில் இருந்த கேம்பில் அகதிகளாக வந்த வங்காளிக் குடும்பங்கள். பாபு அரிசியைப் பதுக்குகிறான் என்ற பேச்சு கிளம்பியது. பதுக்குவதற்கு அங்கே என்ன இருந்தது? கடைசி மூலையில் ஒரு சின்ன அடுக்கு மட்டும் மிச்சம்.

"இருக்கிறத அளந்து குடுத்தா எல்லாத்துக்கும் கஞ்சிக்காவது காணும். காலின்னு தெரிஞ்சுச்சுன்னா வலுத்தவன் தூக்கிட்டுப் போயிருவான். அக்கரைக்காரன் புள்ளைகளுக்கு ஒண்ணும் மிஞ்சாது" என்றார் பெரியப்பா.

மில்லுக்கு லீவான ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டும் மழையில், அவரும் பெரியம்மாவும் நானுமாக ட்ராலியில் மரத்தூள் தள்ளிக்கொண்டு வந்தோம். படாக் தூள் ரத்தச் சிவப்பு, சாக்குக்கு வெளியே தெரிந்துவிடும் என்று வெளுத்த தூளாகப் பார்த்து அள்ளினோம். பெரியப்பா அமுக்கி அமுக்கித் திணித்தார், நான் தைத்தேன். பெரியம்மா வாசலையே பார்த்துக்கொண்டு, "சிக்குனா மூணு பேரையும் கடல்லதான் தள்ளுவாய்ங்க" என்று புலம்பினாள். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. பசித்தவர்களுக்கு மரத்தூளைக் காட்டுவதா?

"இது ஏமாத்து வேலை பெரியப்பா."

"ஆமாத்தா. தச்சு முடி."

இரண்டு பக்கமும் முன்வரிசை எழும்பியது. அந்த வாரமே கூட்டம் வந்தது. மழையில் நனைந்துகொண்டு தண்டவாளத்தில் நின்று கத்தினார்கள். கதவைத் திற, பார்க்க வேண்டும் என்றார்கள். ஆண்களை விட்டால் மூட்டையைக் கிழித்துவிடுவார்கள் என்று பெரியப்பாவுக்குத் தெரியும். ஒரே ஒரு ஆள் வரட்டும், அதுவும் பெண்ணாக இருக்கட்டும் என்றார். அதிகம் கத்திக்கொண்டிருந்தவளையே தள்ளிவிட்டார்கள். அக்கரைக் கேம்பின் வங்காளிப் பெண். இடுப்பில் ஒரு குழந்தை, அழக்கூடத் தெம்பில்லாமல் அவள் தோளில் சாய்ந்து கிடந்தது.

பள்ளத்தில் நின்று இரண்டு பக்கமும் அண்ணாந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு கைக்கெட்டிய மூட்டை ஒன்றை அழுத்தினாள். அமுங்கிய இடம் அமுங்கியபடியே இருந்தது. நான் தைத்த தையலின் இடுக்கில் விரலை விட்டு எடுத்தாள். விரல் நுனியில் சிவப்பு. வெளுத்த தூளில் எங்கேயோ படாக் கலந்துவிட்டிருக்கிறது. அவள் விரலைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் முன்வரிசையில் ஒரு மூட்டையை நகர்த்தி, பின்னால் மூலையிலிருந்த அந்தச் சின்ன அடுக்கைக் காட்டினார். அவ்வளவுதான் மிச்சம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. வெளியே ஒருவன் கதவை உதைத்து, "க்யா ஹை அந்தர்?" என்று கேட்டான். உள்ளே என்ன இருக்கிறது?

அவள் விரலைப் புடவைத் தலைப்பின் உள்பக்கத்தில் துடைத்தாள். வாசலுக்குப் போனாள். "சாவல் ஹை. பஹுத் ஹை" என்று கத்தினாள். அரிசி இருக்கிறது, நிறைய இருக்கிறது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. பெரியப்பா ட்ராலியில் உட்கார்ந்துவிட்டார்.

கப்பல் பிற்பாடு வந்து சேர்ந்தது. யார் கண்ணிலும் படாமல் மரத்தூளைக் கடலில் கொட்டினோம். நான் இப்போது போர்ட் பிளேரில், மரைன் ஹில்லில் இருக்கிறேன். போன வருடம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். குடோன் இருந்த இடத்தில் டூரிஸ்ட் படகுகளுக்கு டிக்கெட் கொடுக்கிறார்கள். தண்டவாளத்தைக் கான்கிரீட் மூடிவிட்டது. அங்கே நின்றபோது, கூட்டம் கலைந்ததற்கு மறுநாள் காலைதான் என் நினைவுக்கு வந்தது.

அன்று அளந்து கொடுக்கும்போது அவள் முறை வந்தது. பெரியப்பா ஒரு கை கூடுதலாகப் போட்டார். அவள் அந்த ஒரு கை அரிசியை அள்ளித் திரும்பச் சாக்கிலேயே போட்டாள். பிறகு தணிந்த குரலில், "ஜஹாஜ் கப் ஆயேகா, பாபு?" என்றாள்.

கப்பல் எப்போது வரும் என்று கேட்ட எல்லோருக்கும் நாளைக்கு, நாளைக்கு என்றே சொல்லிவந்தவர் அவர். அவளிடம், "மாலூம் நஹீ" என்றார். தெரியாது.

அவள் தலையாட்டினாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே போனாள். வரிசையில் நின்றிருந்த யாரோ அவளிடம் அதையே கேட்டார்கள்.

"கல் ஆ ஜாயேகா" என்று அவள் உரக்கச் சொல்வது கேட்டது. நாளைக்கு வந்துவிடும்.